தொழில்நுட்ப மேலாண்மைப் படிப்பு: என் அண்ணன் மகளுக்காக விசாரித்ததில் தெரிந்துகொண்டவை

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் என் அண்ணன் மகள், அடுத்து எம்.பி.ஏ.வில் தொழில்நுட்ப மேலாண்மை படிக்க விரும்பினாள். அவளோடு நானும் அலைந்து விசாரித்தவற்றை, இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு கல்லூரியின் மேசையில் வழவழப்பான கையேடும், வேலை தந்த நிறுவனங்களின் பட்டியலும் கொடுத்தார்கள். பருவவாரியான பாடத்திட்டத்தைக் கேட்டபோது, சேர்ந்த பிறகு தருவதாகச் சொன்னார்கள். என்னென்ன தாள்கள் என்பதைக் காட்டாத இடத்தில் முன்பணம் கட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்கு உண்மையில் கண் திறந்தது பணகுடிப் பக்கம், காற்றாலைப் பராமரிப்பில் நெடுங்காலம் இருக்கும் ஓர் அண்ணாச்சியைப் பார்த்தபோதுதான். ஆடிக் காற்று வீசும் நாளில் ஓர் இயந்திரம் நின்றால் அந்த மின்சாரம் போனது போனதுதான் என்பதால், பெரிய பழுதுகளையெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்றார். பிறகு, தொண்ணூறுகளில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களைக் காட்டினார். காற்று நன்றாக வீசும் இடங்களை அவையே பிடித்திருக்கின்றன. ஆனால் பழைய மாடல்களுக்குக் கியர்பாக்ஸ் உதிரிபாகம் கிடைப்பது அரிது. அவற்றைக் கழற்றிவிட்டு 2,000 கிலோவாட் இயந்திரம் நிறுத்துவதென்றால், ராட்சதக் கிரேன் வர வழி வேண்டும், பக்கத்து இயந்திரத்துக்குப் போதிய இடைவெளி வேண்டும், துணைமின் நிலையம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், வங்கியும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

"ஏம்மா, இதுல எது இன்ஜினியரிங், எது கணக்கு வழக்குன்னு நீயே பிரிச்சுச் சொல்லு பாப்போம்" என்று அவர் கேட்டபோது அவளால் பிரிக்க முடியவில்லை. அப்படிப் பிரிக்க முடியாத முடிவுகளை எடுக்கப் பழக்குவதே இந்தப் படிப்பின் வேலை என்று அங்கே எங்களுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பாடத்திட்டங்களை அந்தக் கண்ணோடு படித்தோம். ஆராய்ச்சித் திட்ட மேலாண்மை, தொழில்நுட்ப முன்கணிப்பு, தொழில்நுட்பப் பரிமாற்றம், காப்புரிமை, முதலீட்டு மதிப்பீடு ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். காப்புரிமையின் காலம் 20 ஆண்டுகள் என்பதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு காப்புரிமை ஆவணத்தை எடுத்து, அதன் உரிமைக் கோரல்கள், அதாவது கண்டுபிடிப்பில் எதெதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று சொல்லும் வரிகள், எதுவரை செல்லும் என்று மாணவர்களே படித்தறியப் பயிற்சி தர வேண்டும். வழக்கமான எம்.பி.ஏ.வோடு ஓரிரு தாள்களைச் சேர்த்துப் பெயரை மட்டும் மாற்றிய படிப்புகளும் இருக்கின்றன.

தகுதியையும் முன்கூட்டியே பாருங்கள். பொதுவாக எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்றாலும், இந்தப் பிரிவுக்குப் பொறியியல் பட்டம் கேட்கும் இடங்கள் உண்டு. அறிவியல் பட்டதாரிகள் இதைத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது நல்லது.

இப்போது அவள், தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான டான்செட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இப்படிப் பார்த்துக் கழித்ததில் மிஞ்சிய கல்லூரிகளிடம், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பூங்கா போன்ற இடங்களுக்கு மாணவர்களைத் திட்டப்பணிக்கு அனுப்புகிறார்களா, அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறாள்.