மறு: டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தமிழ்ச்சொல் – "பொறிபகிரி" சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி பொறியை அனுப்பும் பெட்டிதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் மதுரை நண்பர் முன்வைத்த "எரிபற்றல் விநியோகிப்பான்" எனக்கு ஒப்பவில்லை. பொருளில் குறையில்லை. ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் (மலேசியா) பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பேட்டரி இறங்கிவிடும். "வழங்கி" வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். அது சர்வருக்குப் போய்விட்டது, இனித் திரும்பி வராது. "பகிர்மானி" என்றால் தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்தின் கட்டணச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் நியாயம்தான்.

நான் சொல்ல வருவது "பொறிபகிரி". காரணத்தைச் சொல்ல ஒரு வண்டியைக் கொஞ்சம் பிரித்தாக வேண்டும்.

பட்டறைக்கு ஒரு பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் பிக்கப் வந்திருந்தது. எஃப்ஜே45, 2எஃப் எஞ்சின், ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர், பெட்ரோல். செம்பனைக் குலை ஏற்றுகிற வண்டி. இரவு மழை பெய்தால் காலையில் கிளம்பாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனையான பாயிண்ட்டைத் தேய்த்து, அதன் மூடியான கேப்பைத் துணியால் துடைத்து, அப்புறம்தான் உறுமும். அலுத்துப்போன உரிமையாளர், பாயிண்ட் வைத்ததைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடச் சொல்லிவிட்டார்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மூன்று வேலை நடக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டும் சுருளான கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைப் பாயிண்ட் சட்டென்று வெட்டுகிறது. அந்த வெட்டில்தான் கொயிலில் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எழும்புகிறது. எஞ்சின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அந்த வெட்டு எப்போது விழவேண்டும் என்பதை எடைக்கல்லும் வெற்றிட டப்பாவும் முன்பின் நகர்த்துகின்றன. மூன்றாவதாக, எழும்பிய மின்சாரத்தை, உள்ளே சுழலும் கையான ரோட்டர் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது வினாடிக்கு 150 பொறி. அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1910இல் கேடிலாக் கார்களில் ஏறியது. அதற்குப் பின் அறுபது ஆண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது.

சரி, மாற்றும்போது என்ன நடந்தது? முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் பையன் கட்டைவிரலை வைத்தான். போமன் (மூத்த மெக்கானிக்) எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார்.

"தம்பி, காத்து தள்ளுதா?"

"தள்ளுதுண்ணே."

"அப்போ சரி. குண்டு தெரியுதா பாரு."

2எஃப் எஞ்சினின் ஃபிளைவீலில், அதாவது எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரத்தில், ஒரு சின்ன எஃகுக் குண்டு பதித்திருக்கும். அதன் உறையின் ஜன்னலில் உள்ள முள்ளுக்கு நேரே அது வந்தால், பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 7 பாகை இருக்கிறது என்று பொருள். கட்டைவிரலில் காற்று தள்ளாமல் குண்டு மட்டும் வந்தால் அது வேறு சுற்று. அதை நம்பி மாட்டினால் வண்டி கார்புரேட்டர் வழியாகத் துப்பும். ரோட்டர் நிற்கும் திசையைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுப் பழையதை உருவினார்கள். தண்டின் பற்சக்கரத்தில் பல் சாய்வாக வெட்டியிருப்பதால் உருவும்போதே ரோட்டர் கொஞ்சம் திரும்பும். புதியதை இறக்கும்போது அந்த அளவைக் கணக்கில் வைத்துத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதோடு, தண்டின் அடி ஆயில் பம்பின் வெட்டில் போய் உட்கார வேண்டும். உட்காராமல் அரை விரல் தூக்கி நின்றது. நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பம்பை இம்மி திருப்பியதும் "டொக்" என்று இறங்கிவிட்டது. போல்ட்டைப் போட்டு இறுக்கி அதை அடித்து உட்காரவைக்கும் ஆட்களும் உண்டு. பம்பு போனால் எஞ்சின் போச்சு.

மின்தடை வழியாக வந்த பழைய வயரை விட்டுவிட்டுச் சாவியிலிருந்து நேராக 12 வோல்ட் இழுத்தார்கள். எலக்ட்ரானிக் வகைக்கு முழு வோல்ட் கிடைக்காவிட்டால் மாற்றிப் பயனில்லை. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்த மாற்றத்தில் போனது வெட்டும் பாயிண்ட்டும் அதோடு இருந்த கண்டென்சரும் (மின்தேக்கி). முன்பின் நகர்த்தும் வேலை அப்படியே இருக்கிறது. பிற்கால வண்டிகளில் அதையும் கணினி எடுத்துக்கொண்டது. கடைசிவரை அந்தப் பெட்டியில் நிற்பது பொறியைப் பங்கிடும் வேலை மட்டும்தான். அதுவும் போய், பிளக்குக்கு ஒரு கொயில் என்று வந்தபோது பெட்டியே காணாமல் போயிற்று. ஆகவே "துண்டிப்பான்" என்று பெயர் வைக்கச் சொன்ன அன்பருக்கு என் மறுப்பு இதுதான்: பாயிண்ட் போன அன்றே அந்தப் பெயர் பொய்யாகிவிடும். பகிர்வதைச் சொல்லும் பெயர் பெட்டி இருக்கும்வரை நிற்கும்.

"பொறி" என்றால் இயந்திரம் என்றும் படிக்கலாமே, ஐம்பொறி, எலிப்பொறி எல்லாம் இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். பிளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும்போது எலிப்பொறி யாருக்கும் நினைவுக்கு வராது. "பகிரி" ஏற்கெனவே வாட்ஸ்அப்புக்கு ஆகிவிட்டது என்பது அடுத்த தடை. இங்கே மலேசியாவில் அதைப் "புலனம்" என்கிறோம். எப்படியும் முன்னால் பொறி ஒட்டியபின் மோதலில்லை.

ஒற்று மிகுமா என்ற சண்டையையும் தொட்டுவிடுகிறேன். பொறியைப் பகிர்வது பொறிபகிரி. "கதை சொன்னார்" போல இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிக வேண்டியதில்லை. இதே கணக்கில் பூச்சிகொல்லி என்றுதான் எழுத வேண்டும், ஊரெல்லாம் பூச்சிக்கொல்லி என்று எழுதுகிறது. நாளைக்குப் "பொறிப்பகிரி" என்று எழுதுபவரோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன்.

கிளைச்சொற்கள் சில. பாயிண்ட்டுக்கு "வெட்டுமுனை" போதும். மின்வெட்டு எல்லாருக்கும் பழகிய சொல், விளக்கவே வேண்டாம். பொறியைப் பிஸ்டன் உச்சிக்கு முன்னால் அடிக்கவிடும் அளவுக்கு "முந்துகோணம்". பாயிண்ட் மூடியிருக்கும் அளவுக்கு "தங்குகோணம்" என்றார் ஒருவர். எது தங்குகிறது என்ற கேள்வி வரும்; "மூடுகோணம்" என்றால் நடப்பதை அப்படியே சொல்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிடைக்கும் 60 பாகையில் ஏறத்தாழ 40 பாகை மூடியிருக்கும். கண்டென்சருக்குத் தமிழ்நாட்டு "மின்தேக்கி"யா, இலங்கைக் "கொள்ளளவி"யா என்று இங்கே தொடங்க வேண்டாம், அதற்குத் தனி இழை ஓடுகிறது.

யாழ்ப்பாணத்து ஐயா கேட்டிருந்தார், பட்டறையில் யார் இதைப் பேசப்போகிறார்கள் என்று. இங்கே பையன்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாயில் தொழில் படிக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் அவர்களுக்குப் பாடத்தில் "பாலாம் பெஞ்சுசு", பட்டறையில் "பிளக்". பொறிபகிரியைச் சொல்லி டைமிங் வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையேடு ஒன்றைத் தமிழில் எழுத உட்காரும்போது எழுதுகிறவருக்கு ஒரு சொல் வேண்டும், படிக்கிறவருக்கு அது முதல் தடவையிலேயே விளங்க வேண்டும். எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. புதிய வகையில் வெட்டுமுனைக்குப் பதிலாகக் இரும்புப் பற்சக்கரம் கடப்பதை உணரும் சின்னச் சுருளைப் "பிக்கப்" என்கிறார்கள். எங்கள் ஊரில் பிக்கப் என்றால் வண்டி. "பிக்கப்பில் பிக்கப் போச்சு" என்று எழுத முடியாது. "உணர்சுருள்" என்று வைத்துப் பார்த்தேன். ஆனால் ஒளியாலும் ஹால் விளைவாலும் (காந்தப்புல மாற்றத்தை உணரும் முறை) உணரும் வகைகளில் சுருளே கிடையாது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து