2001 சிட்டி விடெக்: எஞ்சின் பிரிச்சாச்சு. டர்போ போடலாமா, கம்பெனி நிலைக்கே கொண்டு வரலாமா?

ரெட்லைன்_தாம்பரம்

எல்லாருக்கும் வணக்கம். கார் 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக், அதாவது அதிக ஆர்பிஎம்ல வால்வைக் கூடுதலாத் திறந்து சக்தி கூட்டுற ஹோண்டா எஞ்சின். அப்பா வாங்கினது, நான் ஓட்டிப் பழகினது. ஒரு வருஷமா ஐநூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் ஊத்திட்டு இருந்தேன். காலையில முதல் ஸ்டார்ட்ல நீலப்புகை. போன வாரம் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை அமுக்குற அழுத்தம் பார்த்தேன்: 172, 168, 121, 170 பிஎஸ்ஐ. மூணாவது சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்ததும் 158-க்கு ஏறிடுச்சு. ஆயில் இடைவெளியை அடைச்சதும் ஏறுதுன்னா கசிவு வால்வ்ல இல்ல, பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்லதான். எஞ்சினை இறக்கி ஸ்டாண்டுல நிறுத்தியாச்சு.

கையில மூணு லட்சம் இருக்கு. எப்படியும் பிரிச்சாச்சு, ஃபோர்ஜ்டு (அடிச்சு உறுதியாக்கின) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு போட்டு, காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள அனுப்புற சின்ன டர்போ வெச்சு 0.5 பார் அழுத்தம் மட்டும் ஏத்தலாமான்னு ரொம்ப நாள் ஆசை. ஆபீஸ் போக வேற வண்டி இருக்கு. இது ஞாயித்துக்கிழமை கார். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பூஸ்ட்கேஜ்

போடுங்க ப்ரோ. இதைவிட நல்ல நேரம் வராது. இப்போ சாதா பிஸ்டன் போட்டு மூடிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு டர்போ ஆசை திரும்ப வந்தா மறுபடி இறக்கணும், மறுபடி சிலிண்டரைக் குடையற போரிங், மறுபடி கேஸ்கெட் செட், மறுபடி லேபர். ரெண்டு தடவை செலவு.

0.5 பார்னா உள்ளே போற காத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இழப்பெல்லாம் கழிச்சாலும் இந்தக் காரோட 106 குதிரை சக்தி 140-ஐத் தாண்டும். இந்த எடைக்கு அது போதும் போதும்னு ஆகிடும். நான் என் காரை அப்படித்தான் செஞ்சேன், நாலு வருஷமா ஓடுது.

சோழவரம்_பழசு

தம்பி, அவசரப்படாதே. சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல இருந்து எஞ்சின் பிரிக்கிற ஆளு நான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

உன் எஞ்சினோட பிளாக் அலுமினியம், உள்ளே சிலிண்டர் சுவரா இரும்பு லைனர். மேல்பக்கம் திறந்த டெக். அதாவது லைனரோட மேல் விளிம்பைச் சுத்தித் தண்ணிதான் இருக்கு, பிடிச்சு நிறுத்த உலோகம் இல்ல. வெடிப்பு அழுத்தம் உச்சத்துல இருக்கிற இடமும் அதே மேல் விளிம்புதான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டா பிஸ்டன் தாங்கும். லைனர் ஆடினா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் போகும், கேஸ்கெட் போனா தண்ணி ஆயில்ல கலக்கும்.

அடுத்தது சூடு. நம்ம ஊர்ல மே மாசம் வெளியே 40 டிகிரி. சின்ன டர்போ அந்தக் காத்தை 0.5 பாருக்கு அமுக்கினா வெளியே வர்றது 95 டிகிரி பக்கம். கணக்குப் போட்டுப் பார். அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வெளிக்காத்தோட சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது, ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல நிக்கும்போது அதுக்குக் காத்தே கிடைக்காது.

இதெல்லாம் சமாளிக்கலாம், ஒத்துக்கிறேன். எனக்கு மனசு கேட்காத விஷயம் வேற. இந்தக் காரோட உயிரே விடெக்தான். சாதாரணமா காத்து உள்ளே வர்ற ரெண்டு இன்டேக் வால்வும், வால்வைத் திறக்கிற சின்ன கேம்லதான் நடக்கும். ஐயாயிரம் ஆர்பிஎம்மைச் சுத்தி ஈசியூ (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) சொலினாய்டை (மின்சார வால்வை)த் திறக்கும், ஆயில் அழுத்தம் ஒரு ஊசியைத் தள்ளும், வால்வை அமுக்குற மூணு ராக்கரும் ஒண்ணாப் பூட்டிக்கும், நடுவுல இருக்கிற உயரமான கேம் வால்வைத் தூக்கும். அந்த நொடியில சத்தம் மாறுறதைக் கேட்டுத்தானே நீ இந்தக் காரை வெச்சிருக்கே? இதுக்கு அப்புறம் 2003-ல வந்த சிட்டிக்கு 77 குதிரைதான். அப்படி ஒண்ணு உன் ஷெட்ல நிக்குது. மூவாயிரத்துலயே டர்போ இழுக்க ஆரம்பிச்சா, ஐயாயிரத்துக்கு மேல என்ன இருக்குன்னு தேடிப் போகவே மாட்டே.

பூஸ்ட்கேஜ்

ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா திறந்த டெக் பயத்தைக் கொஞ்சம் பெருசு பண்றீங்க. இதே டி-சீரிஸ் பிளாக்கை வெச்சு உலகம் முழுக்க டர்போ ஓட்டுறாங்க. உடையறது பூஸ்ட்டால, அதாவது டர்போ அழுத்தத்தால இல்ல. நாக்கிங்கால, அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாம வெடிக்கிறதால. ஃபியூயல் மேப் (எப்போ எவ்வளவு பெட்ரோல்னு ஈசியூல எழுதுற அட்டவணை) சரியா இருந்து, இக்னிஷனைப் பின்னால தள்ளி, அதாவது தீப்பொறியைத் தாமதப்படுத்தி வெச்சா 0.5 பார் அந்த லைனருக்கு ஒரு பொருட்டே இல்ல. 95 ஆக்டேன் பெட்ரோல் இப்போ நிறைய பங்க்ல கிடைக்குது.

விடெக் உயிர்னு சொல்றீங்க. டர்போ வெச்சாலும் விடெக் எங்கேயும் போகாது. பெரிய கேம் திறக்கும்போது டர்போ அழுத்தமும் சேர்ந்து வரும். அதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

சோழவரம்_பழசு

கேட்டிருக்கேன் தம்பி. 2014-ல என் சொந்தக் காருக்கே போட்டேன். மேப் எழுதினவர் பேரு வேண்டாம். ஏழு மாசம் நல்லா ஓடுச்சு. திண்டிவனம் தாண்டி ஒரு நீள ஏத்தத்துல மூணாவது பிஸ்டனோட ரிங் லேண்ட் (ரிங் உட்கார்ற பள்ளங்களுக்கு நடுவுல இருக்கிற விளிம்பு) உடைஞ்சுது, லைனர்ல விரல் நுழையிற அளவுக்குக் கீறல். அந்தப் பிளாக்கை எடைக்குத்தான் போட முடிஞ்சுது. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல இதே எஞ்சின் பிளாக்குக்கு மூணு மாசம் அலைஞ்சேன். அன்னைக்கே கிடைக்கல, இன்னைக்கு எங்கே போவே?

அப்புறம் பெட்ரோல் பத்தி. இப்போ பங்க்ல வர்றது இருபது சதவீதம் எத்தனால். ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காத்துன்னா இதுக்கு 13.5 பக்கம்தான். நிதானமா ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியூ திருத்திக்கும். முழு மிதி மிதிச்சா பழைய ஈசியூ சென்சாரைக் கேட்காது, மனப்பாடம் பண்ணின அளவைத்தான் ஊத்தும். அங்கேதான் லீன் ஆகும், அதாவது காத்துக்குத் தகுந்த பெட்ரோல் கிடைக்காது. டர்போ இல்லாத எஞ்சின் அதைப் பொறுத்துக்கும்.

ஆர்சி_புக்

யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து ஆர்சி புக் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

உங்க கார் 2001. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு 2016, 2021, அடுத்தது 2026 புதுப்பிப்பு. இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து பார்க்கிற நாள் வரும். விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்.

பூஸ்ட்கேஜ்

அதனாலதான் நான் என் காரை ரோட்டுல ஓட்டுறதில்ல. ஃப்ளாட்பெட்ல ஏத்தி டிராக்குக்குக் கொண்டு போறேன். இவரும் அப்படியே செய்யலாமே.

செட்டிபாளையம்_லேப்

டிராக்னு பேச்சு வந்ததால கோயமுத்தூர்ல இருந்து நானும் எழுதறேனுங்க. கரி ஸ்பீட்வேல பல வருஷமா ஓட்டறேன். 2.1 கிலோமீட்டர் சின்ன டிராக். அங்க பத்து லேப் போனாலே முதல்ல தீர்றது எஞ்சின் இல்லீங்க, பிரேக். இந்தக் காருக்கு முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். 100-ல இருந்து நிறுத்தறதுக்கும் 140-ல இருந்து நிறுத்தறதுக்கும் வித்தியாசம் நாப்பது சதவீதம் இல்ல, பிரேக் தின்ன வேண்டிய சூடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சென்னைப் பக்கம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், நேர்ப்பாதையும் பெருசு. அங்க இன்னும் மோசம்.

ரெட்லைன் தம்பி, இருபத்தஞ்சு வருஷக் கார்ல சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் எல்லாம் என்ன நிலைமையில இருக்குன்னு பார்த்தீங்களா? எஞ்சின் மவுண்ட்? தரையில துரு? நீங்க எழுதினதுல குதிரை சக்தி மட்டும்தான் இருக்குது. 106 குதிரையையே அந்தக் கார் இப்போ முழுசா ரோட்டுல இறக்குதான்னு எனக்குச் சந்தேகமுங்க. நல்ல பேடு, புது பிரேக் ஹோஸ், டாட் 4 ஃப்ளூயிடு, புது புஷ், டேம்பர், நல்ல டயர். இதைப் போட்டு ஒரு நாள் டிராக்ல ஓட்டிப் பாருங்க. அப்புறமும் டர்போ வேணும்னா நானே வந்து கூட நின்னு மாட்டித் தர்றேன்.

பூஸ்ட்கேஜ்

பிரேக் விஷயத்துல மறுப்பே இல்ல. நானும் டர்போவுக்கு முன்னாடி பிரேக்தான் மாத்தினேன், அதை முதல் பதிவுலயே எழுதியிருக்கணும். தப்பு என்னோடது. ஆனா ஃபோர்ஜ்டு உள்பாகங்களை இப்பவே போட்டு வைங்கன்னு சொல்றதுல மாற்றமில்ல.

சோழவரம்_பழசு

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. டர்போவுக்கான ஃபோர்ஜ்டு பிஸ்டன்னா கம்ப்ரஷன் விகிதம் குறையும், சுவர் இடைவெளியும் கூட வெக்கணும். டர்போ வர்ற வரைக்கும் குளிர்ல டக் டக்னு தட்டிக்கிட்டு, கம்பெனி எஞ்சினைவிட மந்தமா ஓடும். வருமா வராதான்னு தெரியாத டர்போவுக்காக ரெண்டு வருஷம் மந்தமான காரை ஓட்டுவானா?

ரெட்லைன்_தாம்பரம்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் தூக்கம் வரல. நேத்து சிலிண்டர் விட்டம் அளக்கிற போர் கேஜ் கடன் வாங்கி அளந்தேன். மூணாவது சிலிண்டர்ல டேப்பர் (மேலயும் கீழயும் விட்டம் மாறுபடுறது) 0.07 மி.மீ., மேனுவல் எல்லை 0.05. மத்த மூணும் எல்லைக்குள்ள. காருக்கு அடியில படுத்தும் பார்த்தேன். லோயர் ஆர்ம் புஷ் விரலால அழுத்தினாலே பொடியா உதிருது. டிரைவர் சீட்டுக்குக் கீழ உள்ளங்கை அளவு துரு. 2015 டிசம்பர் வெள்ளத்துல கார் ரெண்டு நாள் தண்ணியில நின்னுது, அப்போ கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வெக்காம விட்டது என் தப்பு.

முடிவு இதுதான்: 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், ஹெட் ஃபேஸிங், வால்வ் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். விடெக் சொலினாய்டு சல்லடையும் மாத்தறேன், பாதி அடைச்சிருந்துது. மிச்சப் பணம் துருவுக்கும் புஷ்ஷுக்கும் பிரேக்குக்கும். டர்போ இப்போதைக்கு இல்ல. ஆசை போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் பூஸ்ட்கேஜ் ப்ரோ.

பூஸ்ட்கேஜ்

இன்னும் எனக்கு ஒப்புதல் இல்ல, ஆனா கார் உங்களோடது. ஒண்ணு மட்டும் கேளுங்க. போரிங், ஹோனிங் (சுவரைத் தேய்ச்சுச் சரிபண்றது) போடும்போது பட்டறையில டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா பிளாக்ல முறுக்குற தகடு) இருக்கான்னு கேட்டுட்டுக் கொடுங்க. ஹெட் போல்ட் முறுக்கினதும் அந்த லைனர் கொஞ்சம் வளையும். வெறும் பிளாக்கை வட்டமா ஹோன் பண்ணிக் கொடுத்தா ஹெட் மாட்டினப்புறம் வட்டமா இருக்காது, ரிங் மறுபடி உட்காராது. உங்க பக்கம் கிடைக்கலன்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க.

ரெட்லைன்_தாம்பரம்

சனிக்கிழமை காலையில வர்றேன் ப்ரோ.