புதுப்பிப்பு: குன்னூரில் வாங்கிய பெகு பதக்கம்

போன மாதம் குன்னூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தின் படம் போட்டு, அசல்தானா என்று கேட்டிருந்தேன். ஆங்கிலேயர் ஆட்சியில் படையினருக்காக 1854-இல் ஏற்படுத்திய இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் அது. நாடாவில் ‘பெகு’ என்ற பர்மா ஊர்ப் பெயர் பொறித்த பட்டை இருப்பதால், 1852-53 பர்மா போரில் இருந்தவருக்குக் கொடுத்தது.

பயமெல்லாம் விளிம்பில் இருந்த பெயரைப் பற்றித்தான். பழைய பெயரை அராவிவிட்டு, நல்ல விலை போகும் என்று அதிகாரி பெயரை வெட்டி விற்பவர்கள் உண்டு. அராவினால் குறுக்களவு குறையும். தெரிந்த நகைப் பட்டறையில் வெர்னியர் வைத்து நாலு இடத்தில் அளந்தோம். எங்கும் 36 மில்லிமீட்டர், அசல் அளவிலிருந்து குறையவில்லை. லென்ஸில் பார்த்தால் மதராஸ் காலாட்படை லெப்டினன்ட் ஒருவரின் பெயர், பதக்கத்தின் மற்ற இடங்களில் இருக்கும் அதே பழைய கறுப்பு எழுத்துப் பள்ளத்திலும். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விபூதி போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் செய்யவில்லை. குத்துவிளக்குக்கு அது சரி. இதில் விக்டோரியா ராணியின் முகமும் பெயரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். சிவப்பில் இரண்டு நீலக் கோடு போட்ட நாடா நைந்திருக்கிறது, அதையும் மாற்றவில்லை. மலை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அடுத்து, அந்த லெப்டினன்டின் மற்றப் பதக்கங்களைத் தேட வேண்டும்.