புதுப்பிப்பு: தம்பியின் கைநடுக்கம் பரீட்சைப் பயம் இல்லையாம்

மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் தம்பிக்குக் கை நடுங்குகிறது, எழுத்துக் கோணுகிறது, எல்லாரும் படிப்பு அழுத்தம் என்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். "கண்ணைக் காட்டுங்கள்" என்றவருக்கு முதல் நன்றி.

கண் வைத்தியர் ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெருப்பித்துப் பார்க்கும் விளக்குக் கருவி) பார்த்தபோது கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. இரத்தத்தில் செம்பைக் காவும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைவு, 24 மணிநேரச் சிறுநீரில் செம்பு அதிகம். எம்.ஆர்.ஐ. படத்தில் நடுமூளை பாண்டாக் கரடியின் முகம் மாதிரித் தெரிந்தது; தம்பியே சிரித்துவிட்டான். வில்சன் நோய், 1912இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர் விவரித்தது. ஈரல் செம்பைப் பித்தத்தோடு வெளியேற்றாததால் அது ஈரலிலும் மூளையிலும் தேங்குகிறது.

மாணவர்களுக்கு மன அழுத்தம் இல்லை என்று சொல்லவில்லை, அவன் நித்திரையில்லாமல்தான் கிடந்தான். ஆனால் அதையே சாட்டி மூன்று மாதம் விட்டமின் கொடுத்ததுதான் எரிச்சல்.

சரி, தேங்கிய செம்பைச் சிறுநீரோடு வெளியேற்றும் பெனிசிலமின் தொடங்கியாயிற்று. ஆயுள் முழுக்க மருந்து. செம்பு அதிகமுள்ள நண்டு, இறால், கஜு கூடாதாம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு என்னத்தைச் சமைப்பது என்று அம்மா கேட்கிறா. இது பரம்பரை நோய், கூடப்பிறந்தவர்களுக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் நானும் இரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு வெள்ளிக்கிழமை.