மறு: காரில் ‘எர்த்’ பழுதுக்கு என்ன சொல்? மீள்வழி, கள்ளவழி

அன்புள்ள குழுவினருக்கு,

காரில் ‘எர்த்’, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, பழுதானால் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இந்த மடல் இழையில் இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் பார்த்தேன்: புவியிணைப்புக் கோளாறு, தரைப் பழுது, எதிர்முனைத் தளர்வு. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், செம்மண் பாதை, பிற்பகலானால் மழை. 1985இல் புரோட்டோன் சாகா வந்த காலத்துக் காடிகள் (இங்கே பேச்சில் கார் என்பது காடிதான்) தோட்டப் பாதைகளில் இன்னும் ஓடுகின்றன. இந்த ஈரத்தில் அத்தனை வயதான எந்த வண்டியாக இருந்தாலும், விளக்கு மங்குகிறது என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான். பட்டறையில் வேலை பழக வரும் தம்பிகள் ஆரம்பப் பள்ளியில் ‘மின்சுற்று’ என்று தமிழில் படித்தவர்கள். அப்புறம் எல்லாமே மலாயில். அவர்களுக்குப் பழுது எங்கே என்று காட்டிக்கொடுக்கும் சொல்தான் எனக்கு வேண்டும். கேட்க அழகாக இருப்பது இரண்டாம்பட்சம்.

‘புவி’ ஏன் கூடாது? வீட்டு மின்சாரத்தில் புவியிணைப்பு நிஜமாகவே மண்ணுக்குள் போகிறது. அது பாதுகாப்புக்கானது; சாதாரணமாக அதில் மின்னோட்டமே இருக்காது, அதைக் கழற்றினாலும் விளக்கு எரியும். காரில் கதை தலைகீழ். நான்கு டயரும் ரப்பர், மண்ணோடு ஒரு தொடர்பும் கிடையாது. பேட்டரியிலிருந்து விளக்கு வரைக்கும்தான் வயர். திரும்பி வருவது பாடித் தகரம் வழியாக. விளக்கு எரியும் நேரமெல்லாம் முழு மின்னோட்டமும் அந்தத் தகரத்தில்தான் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘எர்த் போனாலும் லைட் எரியுமே’ என்று தம்பி பல்பையும் ஃபியூஸையும் மாற்றிக்கொண்டே இருப்பான். இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. பிரிட்டிஷ்காரர்கள் எர்த் என்கிறார்கள், அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்கிறார்கள், மலாயிலும் பூமியை வைத்தே ‘பெம்பூமியான்’. ஜெர்மானியர்களோ பூமியை விட்டுவிட்டு ‘மாஸெ’ என்கிறார்கள்.

‘எதிர்முனை’யும் சரிவராது. பழைய மோரிஸ் மைனரில் பாடியோடு கட்டியிருப்பது பேட்டரியின் நேர்முனை. அந்த மாதிரி வண்டியையும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு.

என் பரிந்துரை ‘மீள்வழி’. போன மின்சாரம் பேட்டரிக்கு மீளும் வழி. முதலில் ‘உடலிணைப்பு’ என்றுதான் யோசித்தேன். ஆனால் சில இடங்களில் பாடிக்குப் பதில் கறுப்பு வயர் வழியாகவே மின்சாரம் திரும்புகிறது, ஃபைபர் பாடி வண்டிகளில் முழுக்க முழுக்க அப்படித்தான். மீள்வழி என்றால் தகரமானாலும் வயரானாலும் பொருந்தும். பழுதுக்கு ‘மீள்வழித் தடை’. முழுதாக அறுந்திருந்தால் ‘மீள்வழி முறிவு’.

இதோடு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இந்த மடல் இழையில் யாரும் அதைத் தொடவில்லை, எனக்கோ அதுதான் முக்கியம். மீள்வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா நின்றுவிடுவதில்லை. வடிகால் அடைத்த மழைத்தண்ணீர் பக்கத்து லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குள்) புகுகிற மாதிரி வேறு வழி தேடும். பின்விளக்கில் பல வண்டிகளுக்கு இரட்டை இழை பல்பு, அதாவது ஒரே பல்புக்குள் எரியும் கம்பி இரண்டு: இரவு விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட், இரண்டுக்கும் ஒரே மீள்வழி. ஹோல்டரில் துரு ஏறி அது முறிந்துவிட்டது என்று வையுங்கள். பகலில் பிரேக்கை மிதித்தால், 21 வாட் இழைக்குள் நுழைந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல் 5 வாட் இழையில் பின்னோக்கி ஏறி, சைட் லைட் வயரைப் பிடித்து, நம்பர் பிளேட் விளக்கு, டாஷ்போர்டு மீட்டர் விளக்கு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும். ஸ்விட்ச் போடாமலே மீட்டர் விளக்கு லேசாக ஒளிரும். இரவில் இதைவிட வேடிக்கை: எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு பிரேக்கை மிதித்ததும் அணையும், ஏனென்றால் அந்த இழையின் இரண்டு முனையிலும் இப்போது ஒரே மின்னழுத்தம். வண்டிக்காரர் பேய் பிடித்தது என்பார். பட்டறையில் புது ஸ்விட்ச் விற்பார்கள்.

இந்தப் பாதைக்கு ‘கள்ளவழி’ என்கிறேன். ‘மாற்றுவழி’ போதாதா என்று கேட்கலாம். போதாது, மாற்றுவழி என்பது நாமே விரும்பி ஏற்படுத்துவது. கள்ளச்சாவி, கள்ளநோட்டு மாதிரி இதுவும் அனுமதியில்லாதது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை அறுந்த வண்டியில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகும். ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டம் அந்த மெல்லிய கேபிளில் புகுவதால் வருவது அது. ‘மாற்றுவழி’ என்று சொன்னால் அந்த ஆபத்து தெரியுமா?

சோதிக்கும் முறையிலும் ‘மீள்வழி’ என்ற சொல் உதவுகிறது. விளக்கை அணைத்துவிட்டு ஓம் (மின்தடை) அளந்தால் பயனில்லை. ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் சாதாரண மல்டிமீட்டர் ‘இணைப்பு நன்று’ என்று காட்டிவிடும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மீள்வழி முனையிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரின் மீள்வழி முனையிலும் வைக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட் என்றால் சரி. 1 வோல்ட்டைத் தாண்டினால் மீள்வழித் தடை. 55 வாட் ஹெட்லைட் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கிறது, ஆகவே அரை ஓமுக்கும் குறைவான தடையே 2 வோல்ட்டைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் சுமார் முப்பது விழுக்காடு குறையும். புது பல்பு போட்டும் பாதை தெரியவில்லை என்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது பச்சை பூத்த முனையைக் கழற்றி, மணல்தாளால் தேய்த்து, திரும்ப முறுக்குவது மட்டும்தான். மீள்வழியில் இப்படித் தொலையும் வோல்ட் அளவைக் குறிக்க ‘மீள்வழி இழப்பு’ என்று எழுதலாம். பாடநூலில் உள்ள ‘மின்னழுத்த வீழ்ச்சி’ பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

பேச்சில் ‘எர்த்’ போகாது, போகவும் வேண்டாம். போமன் (மூத்த மெக்கானிக்) ‘எர்த் பாரு’ என்பார், தம்பி மீள்வழியைப் பார்ப்பான்.

சிக்னல் வேகமாக மின்னுவதையும் ஒருவர் இந்தத் தலைப்பில் சேர்த்திருந்தார். பெரும்பாலும் அது எரிந்துபோன பல்பினால் வருவது; சுமை குறைந்ததை, சிக்னலை மின்னவைக்கும் ஃபிளாஷர் ரிலே உணர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. மீள்வழி முறிந்தாலும் அதே மாதிரி ஆகலாம் என்பதால் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்ப வேண்டாம். அதற்குத் தனி மடல் இழை தொடங்குங்கள். ‘விரை மின்னல்’ என்று யாரோ எழுதியிருந்தார்களே, அதற்கு என் ஆதரவு இல்லை, வானத்து மின்னலோடு போய் ஒட்டிக்கொள்ளும்.