விரல் மூடாத கையுறை: எத்தனை கண்ணி ஏற்றணும்?

மழைமேகம்:
டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்குப் பரிசா ஒரு ஜோடி பின்னணும். டிகே கனத்தில் (ரொம்ப மெல்லிசும் இல்லை, தடிமனும் இல்லை) 50 கிராம் நூல்கண்டு ஒண்ணு, 4 மிமீ நேர் ஊசி ஒரு ஜோடி இருக்கு. நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மறுபக்கப் பின்னல்) தெரியும். வட்டமாப் பின்ன வராது. அக்காவின் உள்ளங்கைச் சுற்று 18 செ.மீ. கட்டைவிரலுக்கு எப்படி வழி விடுறது? நூல் போதுமா?

நூல்கண்டு:
வட்டப் பின்னலே வேண்டாம். செவ்வகமாப் பின்னி ஓரத்தைத் தைச்சுடுங்க. தைக்கும்போது நடுவில் விடும் இடைவெளிதான் கட்டைவிரல் வழி. இரண்டு கைக்கும் ஒரே அளவு, இடது வலது கிடையாது. 100 மீட்டர் நூல் இருந்தால் தாராளம்.

முதலில் சின்னதா ஒரு மாதிரித் துண்டு பின்னி அளங்க. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால், தொடக்க வரிசையா ஊசியில் 38 கண்ணி ஏற்றுங்க. தையலில் இரு ஓரமும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போய்விடும், மிச்சம் 36, அதாவது சுமார் 16.5 செ.மீ. 18 செ.மீ. கைக்கு இது பத்தாதேன்னு தோணும். பின்னல் இழுபடும், சரியா 18 வைத்தால் தொளதொளன்னு கழன்று வரும்.

மணிக்கட்டுப் பக்கம் 2 நிட், 2 பர்ல்னு மாறி மாறி வரும் ரிப் (இழுபடும் வரிப் பட்டை), 5 செ.மீ. முன்பக்க வரிசை 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியணும். 38 என்ற கணக்கே அதுக்குத்தான்: தைத்த பிறகு இரு ஓரத்திலும் மிஞ்சும் ஒவ்வொரு நிட்டும் சேர்ந்து இரண்டாகும், ரிப் தடைபடாமல் ஓடும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்னு 10 செ.மீ. மேலே மறுபடி 2.5 செ.மீ. ரிப். ரிப்பை விட்டால் ஓரம் பாய் மாதிரி சுருண்டுக்கும்.

மணிக்கட்டிலிருந்து 9 செ.மீ. தைத்து, 4.5 விட்டு, மேலே 4 தைங்க. இடைவெளியின் இரு முனையிலும் இரண்டு மூன்று தையல் கூடுதலாப் போடுங்க. கட்டைவிரல் இழுத்து முதலில் பிய்வது அங்கேதான்.

குளிர்மலை:
மேலே சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு. கண்ணிகளை மூடி ஊசியிலிருந்து கழற்றும் கடைசி வரிசையை 4 மிமீயில் இறுக்கி முடிச்சா, விரலடியில் ரப்பர் பேண்ட் மாதிரிக் கடிக்கும். அந்த வரிசைக்கு மட்டும் 5 மிமீ ஊசி. நிட்டை நிட்டாவும் பர்லைப் பர்லாவும் முடிங்க.

ஊசி வாங்கும்போது எண்ணை நம்பாதீங்க, மிமீ பாருங்க. நம்மூரில் பழைய பிரிட்டிஷ் எண் போட்டதும் விற்கும்: 8 என்றால் 4 மிமீ, 6 என்றால் 5 மிமீ. அமெரிக்கக் குறிப்பில் 8 என்பதே 5 மிமீ!

மழைமேகம்:
நன்றி. ஒண்ணு முடிஞ்சது. அதே டேப்பில் அளந்துதான் பின்னினேன், இரண்டாவது ஒரு செ.மீ. குட்டை. இஸ்திரி போட்டு நீட்டலாமா? நூல் அக்ரிலிக்.

நூல்கண்டு:
வேண்டவே வேண்டாம். அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூல் துவண்டு, ரிப் திரும்பச் சுருங்காது. மேல் ரிப்பை முழுசாப் பிரிங்க. முதல் துண்டின் நடுப்பகுதியில் வரிசைகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் பின்னுங்க. டேப் பின்னலை இழுத்துப் பொய் சொல்லும்.

குளிர்மலை:
அடுத்த ஜோடிக்கு, கண்டின் உள்முனை ஒரு கையுறைக்கு, வெளிமுனை இன்னொண்ணுக்குன்னு ஒரே ஊசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பின்னுங்க. வரிசை தப்பவே தப்பாது. நூல் சிக்கும், அதுக்குப் பொறுமை வேணும்.

பரிசோட நூல் லேபிளையும் வைத்து அனுப்புங்க, துவைக்கும் முறை அதில் இருக்கும்.