புதுப்பிப்பு: அப்பாவின் சீக்கோவுக்குப் பழைய வார் கிடைத்துவிட்டது

அப்பாவின் சீக்கோ 6309-7040 டைவ் வாட்சுக்கு (நீருக்குள் மூழ்குவோர் கட்டுவது) அந்தக் காலத்து வாரும் பெசல் வளையமும் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எண் வளையம்) எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

பின்மூடி எண் 93 என்று தொடங்குகிறது. முதல் எண் ஆண்டு, அடுத்தது மாதம்; அதாவது 1979 மார்ச்சில் செய்தது. அதற்கு ஏற்றது 22 மி.மீ. ஜிஎல்831 என்ற மாடல் ரப்பர் வார். ஈரோட்டில் ஒரு பழைய வாட்ச் கடையில், தகர டப்பாவுக்குள் ஒன்று கிடந்தது! அலை அலையான மடிப்புகளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. ஆனால் வளைத்தால் வெடிக்கவில்லை.

புதிதாக வாங்கிய பெசல் வளையத்தை லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்த கடைக்காரர், "பழசே இருக்கட்டும் தம்பி, இந்தக் கறுப்பு அதோட சேராதுங்க" என்றார். சரிதான். சாம்பலாக வெளுத்ததையே மாட்டினோம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் மட்டும் புதிது.

அப்புறம், 4 மணிப் பக்கத்தில் நேரம் திருப்பும் சாவித் திருகு தேய்ந்திருக்கிறது. அசல் இருந்தால் சொல்லுங்க.